ஓடாத கேரம் போர்டை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி

ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது பவுடர் டப்பாவைத்தான். கொஞ்சம் கொட்டுவார்கள், உள்ளங்கையால் தேய்ப்பார்கள், ஒரு ஆட்டம் ஓடும், மறுபடி நின்றுவிடும். மறுபடி பவுடர். கடைசியில் "போர்டு பழசாயிடுச்சு" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்டு என் கைக்கு வரும் போர்டுகளில் பெரும்பாலானவை பழசானவை அல்ல, ஈரம் குடித்தவை. போர்டைப் பராமரிப்பதில் முக்கால் பங்கு அதை உலர்வாக வைத்திருப்பதுதான். ஆணி, பசை, உப்புத்தாள், பாலிஷ் எல்லாம் மீதிக் கால் பங்குக்குள் அடங்கிவிடும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். எங்கள் தெரு மன்றத்தின் போர்டுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அப்பா மரவேலை செய்தவர். அவருடைய இழைப்புளியும் சி-கிளாம்புகளும் இன்றும் என்னிடம்தான் இருக்கின்றன. வடசென்னையில் கேரம் என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர், 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமாவும் எங்கள் வடசென்னைதான். இங்கே ஒரு போர்டு கெட்டால் அந்தத் தெருவில் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு ஆட இடம் இருக்காது. அதனால் ஒரு போர்டையும் லேசில் குப்பைக்கு விடுவதில்லை.

முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள்

மேலே கிடக்கும் பவுடர் முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் தூவிக்கொள்ளுங்கள். கேரம் விதிகளில் ஒரு அளவு இருக்கிறது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பெரிய ஆள் முழு பலத்தோடு அடித்தால், அது போர்டின் இந்த ஓர மரச்சட்டத்துக்கும் எதிர்ச் சட்டத்துக்குமாக மூன்றரை நடை போக வேண்டும். வீட்டு போர்டு அந்த அளவை எட்டாமல் போகலாம். ஆனால் ஒரு போர்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. நான்கு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள், ஒரு பக்கத்தோடு விடாதீர்கள்.

எங்கே அடித்தாலும் மந்தமாக இருந்தால் ஈரம் அல்லது அழுக்கு. ஒரே இடத்தில் மட்டும் காய் தயங்கினால் அந்த இடத்தில் பாலிஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் பிளைவுட்டின் மெல்லிய மேலடுக்கான மேல் தோல் உப்பியிருக்கும். மெதுவாக விட்ட காய் கடைசி நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் போர்டு வளைந்திருக்கிறது, அல்லது ஸ்டூல் மட்டமாக இல்லை. நடுவில் நன்றாக ஓடி, சட்டத்தில் பட்டதும் உயிரில்லாமல் திரும்பினால் சட்டம் தளர்ந்திருக்கிறது.

ஸ்டூலை முதலில் சரி பாருங்கள். பக்கத்துக் கொத்தனாரிடம் ரசமட்டம் இருந்தால் வாங்கி, போர்டின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் போதும். "போர்டு கோணிப்போச்சு" என்று தூக்கி வந்ததில் பலது, வீட்டுத் தரை கோணியதாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தால் தீர்ந்தது.

துடைப்பதும் பவுடரும்

ஆட்டம் முடிந்ததும் பவுடரை போர்டிலேயே விட்டு மூடி வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. நாளைக்கும் ஆடப்போகிறோமே என்ற எண்ணம். ராத்திரி ஈரக்காற்றில் அந்தப் பவுடர் இறுகி, விரல் எண்ணெயோடு சேர்ந்து மெல்லிய பொருக்காக ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் அதன் மேல் புதுப் பவுடர். இப்படி ஏறிய பொருக்கின் மேல்தான் காய் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

துடைக்கப் பழைய பருத்தி வேட்டிதான் சிறந்தது. நன்றாகத் துவைத்து வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த துண்டு ஒன்றை போர்டுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். பாலியஸ்டர் வேண்டாம், பவுடரை வாங்காமல் தள்ளிக்கொண்டே போகும். நடுவிலிருந்து குழிகளை நோக்கித் துடையுங்கள். சட்டமும் பலகையும் சேரும் இடுக்கில் துணி போகாது. அங்கே ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, நுனியைச் சற்று நசுக்கிவிட்டு, நான்கு பக்கமும் ஒரு முறை இழுங்கள். அங்கிருந்து கல் மாதிரி இறுகிய பவுடர் வரும். பழைய டூத் பிரஷும் உதவும், ஆனால் ஈர்க்கு போகும் இடுக்குக்கு அது போகாது. இந்த ஒரு வேலையிலேயே செத்துக் கிடந்த சட்டத்துக்கு உயிர் வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஈரத்துணி கூடாது. மண்ணெண்ணெய் கூடவே கூடாது: துடைத்ததும் பளபளக்கும், ஆனால் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், பிறகு எந்தப் பவுடரும் அங்கே கூழாகிவிடும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. ஸ்பிரிட், தின்னர் இரண்டும் பாலிஷையே கரைத்துவிடக்கூடியவை. டீக்கறை, ஜூஸ் கறை இருந்தால் மட்டும், துணி முனையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து, அந்த ஒரு இடத்தை மட்டும் ஒற்றி, அடுத்த நொடியே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

பவுடர் என்றால் போரிக் பவுடர்தான். போரிக் அமிலத்தின் படிகங்கள் தட்டையான அடுக்குகளாக அமைந்தவை. ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் சுலபமாக வழுக்கிப் போகும். காய் ஓடுவதன் ரகசியம் அதுதான். முகத்துக்குப் போடும் பவுடரில் அந்தக் குணம் அதே அளவுக்கு இல்லை, வாசனைச் சரக்கும் சேர்ந்திருக்கிறது, சீக்கிரம் திரளும். மைதா, அரிசி மாவு போடும் வீடுகளும் உண்டு. அது எறும்பையும் பூஞ்சையையும் கூப்பிடும் வேலை. கடையில் கேரம் பவுடர் என்று கேட்டு, நைஸாக அரைத்ததை வாங்குங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நெருடக் கூடாது.

அளவு பற்றி எங்கள் மன்றத்துப் பிள்ளைகளோடு எனக்குத் தினமும் வழக்கு. "மாமா, இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே கொட்டிவிடுவார்கள். விரல் நுனியில் எடுத்த இரண்டு சிட்டிகையைப் பரவலாகத் தூவி, ஒரு காயை உள்ளங்கைக்கு அடியில் வைத்து வட்டமாகப் பரப்பினால் ஒரு ஆட்டத்துக்குத் தாராளம். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். அதே போரிக் பவுடரைத்தான் கரப்பான் பூச்சி மருந்தாகவும் வைக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். சின்னக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் டப்பாவை வைக்காதீர்கள், ஊதிப் பரப்பாதீர்கள், ஆடி முடித்துக் கை கழுவாமல் சாப்பாட்டில் உட்காரவோ கண்ணைத் தேய்க்கவோ விடாதீர்கள்.

பல்பு

போன தலைமுறை மன்றங்களில் ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகர மூடி போட்ட 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு தொங்கும். வெளிச்சத்துக்காக மட்டும் என்றுதான் நினைத்திருப்போம். அந்தப் பல்பின் சூடு போர்டின் ஈரத்தை ஒவ்வொரு சாயங்காலமும் எடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு எல்.இ.டி. வந்தது. வெளிச்சம் கூடியது, கரண்ட் செலவு குறைந்தது, ஆனால் சூடு போய்விட்டது. எல்.இ.டி. மாட்டிய பிறகு "மழைக்காலத்தில் போர்டு ஓடவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

என் பங்குக்கு நான் செய்வது இது: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால், ஒரு குண்டு பல்பை போர்டுக்கு மேல் இரண்டரை, மூன்று அடி உயரத்தில் தொங்கவிட்டு எரிய விடுகிறேன். அதற்குமேல் தாழ இறக்கினால் பாலிஷ் இளகும். பலகையைப் புறங்கையால் தொட்டால் லேசான கதகதப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு துடைத்து, பவுடர் போட்டு ஆடலாம். ஆட்டத்துக்கு எல்.இ.டி. எரியட்டும். குண்டு பல்பு கிடைக்கவில்லை என்றால் தலை உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழத் தூரத்திலிருந்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டலாம். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சே பதறும். பலகையின் ஒட்டுகள் அத்தனையும் அந்தச் சூட்டில் விட்டுப்போகும். வெயிலில் போடுவதும் வேண்டாம். மேல் தோல் வெடிக்கும், சட்டத்தின் மூலை திறந்துகொள்ளும்.

வளைந்த போர்டு

கேரம் போர்டின் மேல்பக்கம் பாலிஷ் போட்டது, அடிப்பக்கம் பெரும்பாலும் வெறும் மரம். மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிகிறது, மேல்பக்கம் அப்படியே இருக்கிறது. பலகை வளைய வேறு காரணம் தேவையில்லை. இந்த ஒன்று புரிந்தால் மருந்தும் தானே புரியும்.

வளைவைப் பார்க்க, ஒரு மூலைக் குழியிலிருந்து எதிர் மூலைக் குழிவரை தையல் நூலை பலகையை ஒட்டி விறைப்பாகப் பிடியுங்கள். நடுவில் நூலுக்குக் கீழே ஒளி தெரிந்தால் நடு தொய்ந்திருக்கிறது. நூல் நடுவில் தட்டி, ஓரங்களில் தூக்கி நின்றால் நடு மேடு.

நடு தொய்ந்த போர்டுதான் அதிகம் வரும். மட்டமான தரையில் துணி விரித்து, போர்டைக் கவிழ்த்துப் போடுங்கள். இப்போது அடிப்பக்கம் மேலே இருக்கும், நடு சற்றுப் புடைத்துத் தெரியும். மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நாள் நிழலில் உலரட்டும். ஓரளவு உலர்ந்த பிறகு நடுவில் ஒரு சமமான பலகை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றுங்கள்: தண்ணீர்க் குடம் வேண்டாம், அரிசி மூட்டையோ புத்தகக் கட்டோ வையுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் பாரத்தைக் கூட்டினால் பலகை சட்டத்திலிருந்து பிய்ந்துகொள்ளும். நேரானதும், அதே உலர்ந்த நிலையிலேயே அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். அடிப்பக்கம் அடைபட்டால் அடுத்த மழைக்கு ஈரம் அவ்வளவு சுலபமாக ஏறாது. போர்டு புதிதாக இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடுங்கள் என்று வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். இதற்கு ஆகும் செலவு ஒரு சின்ன டப்பா வார்னிஷ்.

4 மி.மீ. பலகை போட்ட விளையாட்டுச் சாமான் போர்டுகள் ஈரம் இல்லாமலே தொய்யும், பலகைக்கு அவ்வளவுதான் பலம். போட்டி விதி கேட்பது குறைந்தது 8 மி.மீ. கனம். மெல்லிய போர்டு வைத்திருப்பவர்கள் அடியில் இரண்டு ரீப்பர்களை, அதாவது நீள மரப்பட்டைகளை, குறுக்காகப் போடலாம். ரீப்பரின் இரு முனையையும் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், பலகையோடு பசை மட்டும். பலகைக்குள் ஸ்க்ரூ ஏறவே கூடாது. நுனி மேலே எட்டிப் பார்த்தால் போர்டு முடிந்தது.

சட்டமும் மூலையும்

போர்டின் சட்டத்தைச் சுற்றி நான்கு விரல் இடைவெளியில் ஸ்ட்ரைக்கரால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுகிய இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும். தளர்ந்த இடத்தில் சத்தம் அடங்கிப்போகும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டு போர்டைக் கவிழ்த்துப் பாருங்கள், பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் கையால், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டிரில் மெஷின் வேண்டாம். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று பொருள். மூங்கில் சிராயை மரப்பசையில் தோய்த்து ஓட்டைக்குள் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டு, அதே ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றினால் கெட்டியாகப் பிடிக்கும்.

மூலைச் சேர்ப்பு திறந்திருந்தால் முதலில் உள்ளே அடைந்த பவுடரை ஈர்க்கால் முழுவதும் எடுங்கள். பவுடர் மேல் பசை ஒட்டாது. பசை விட்டு, போர்டைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் நான்கு மூலையும் ஒன்றாக இறுகும். கிளாம்ப் இல்லாத வீட்டில் இதுதான் கிளாம்ப். வழிந்த பசையை உடனே துடைத்துவிட வேண்டும். குறிப்பாகக் குழிப்பக்கம் வழிந்து காய்ந்தால் காய் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும்.

சட்டத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டைகளும் கீழே மஞ்சள் நிற மரத்தூளும் தெரிந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது. மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு மெழுகால் அடையுங்கள். மற்ற போர்டுகளிடமிருந்து அதைத் தள்ளி வையுங்கள்.

குழியும் வலையும்

குழியின் குறுக்களவு 4.45 செ.மீ. பல வருஷம் காய் விழுந்து விழுந்து விளிம்பில் சிராய் நிற்கும். 220 நம்பர் உப்புத்தாளை ஒரு மாத்திரை பாட்டிலில் சுற்றி, விளிம்பை மட்டும் லேசாகத் தேயுங்கள். குழி பெரிதாகும் அளவுக்குப் போகாதீர்கள்.

வலை கிழிந்தால் கடையில் செட்டாகக் கிடைக்கிறது. ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் காசிமேடு இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவரிடம் பழைய கேரம் வலையை மாதிரிக்குக் கொடுத்தால், மெல்லிய நைலான் நூலில் நான்கையும் பின்னித் தந்துவிடுவார். கடை வலையைவிட அது பல மடங்கு உழைக்கிறது, காய் விழும் சத்தமும் அடங்கி வருகிறது. வலை குறைந்தது 10 காய் தாங்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பின்னச் சொல்லும்போது அந்த ஆழத்தைச் சொல்லிவிடுங்கள். பழைய ஆணிகளை நோண்டி எடுத்துவிட்டு, பழைய ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி அரை அங்குலச் சிறு ஆணியால் அடியுங்கள். அடிக்கும்போது போர்டுக்கு அடியில் மடித்த கம்பளி இருக்கட்டும்.

காய்கள், ஸ்ட்ரைக்கர்

மரக் காய்களைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உப்பிய காய் திரும்பப் பழைய வட்டத்துக்கு வராது. உலர்ந்த துணியில் எல்லாக் காய்களையும் போட்டு மூட்டையாகக் கட்டிக் குலுக்கினாலே பெரும்பகுதி அழுக்கு போய்விடும். அடிப்பக்கம் கருத்துப் பிசுபிசுத்திருந்தால், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, காயை அதில் எட்டு எழுதுவதுபோல் நான்கைந்து முறை நகர்த்துங்கள். அதிகம் தேய்த்தால் எடை குறையும். காயின் எடை 5 முதல் 5.5 கிராமுக்குள் இருக்க வேண்டும், குறுக்களவு 3.02 முதல் 3.18 செ.மீ. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால், "இந்தக் காய் மட்டும் எப்பவும் மக்கர் பண்ணும்" என்று நீங்கள் சொல்லும் காயே தனியாகத் தெரியும். கடைகளில் உதிரிக் காய் கிடைக்காவிட்டாலும் பழைய செட்டுகளிலிருந்து எடையைப் பார்த்து ஜோடி சேர்க்கலாம்.

ஸ்ட்ரைக்கர் பிளாஸ்டிக் வகை என்பதால் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மெல்லிய கீறல்களுக்குப் பற்பசையைத் துணியில் வைத்து வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். விளிம்பில் சிறு உடைசல் இருந்தாலும் அந்த ஸ்ட்ரைக்கரை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அது பாலிஷைக் கீறிக்கொண்டே போகும், போர்டின் விலையோடு பார்த்தால் ஸ்ட்ரைக்கர் விலை ஒன்றுமில்லை. உலோக ஸ்ட்ரைக்கருக்கு விதியிலும் இடமில்லை, என் போர்டுகளிலும் இல்லை.

வைக்கும் இடம்

சுவரில் சாய்த்து வைத்தால் மெல்லிய போர்டு வளையும், வெளிச்சுவரில் சாய்த்தால் சுவரின் ஈரத்தையும் சேர்த்துக் குடிக்கும். கட்டிலுக்கு அடியிலோ பீரோ மேலோ, இரண்டு ரீப்பர் போட்டு அதன்மேல் படுக்க வையுங்கள், காற்று அடியில் போகட்டும். பருத்தித் துணி உறை தைத்துப் போடுங்கள். பிளாஸ்டிக் உறை மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். போர்டின் மேல் வைத்து எழுதுவது, சூடான பாத்திரம் வைப்பது, தண்ணீர் பாட்டில் வைப்பது மூன்றையும் வீட்டில் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள். பேனா அழுத்தத்தில் விழும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, காய்க்குத் தெரியும்.

வெள்ளத்தில் நனைந்த போர்டுகள் தனிக் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வண்டி வண்டியாக வந்தன. முதலில் சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் படுக்க வைத்து வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும், தினமும் திருப்பிப் போட வேண்டும். உலர்ந்த பிறகு ஓரத்தில் பிளைவுட்டின் அடுக்குகள் பிரிந்து நின்றால் அந்தப் பலகை தேறாது. ஆனால் சட்டம் பெரும்பாலும் தேறும். சட்டத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றில் இரண்டு போர்டுக்கான பலகை எடுக்கலாம். இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கினால் செலவு பாதி.

உப்பலும் பள்ளமும்

விரல் நகத்தால் பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் மேல் தோல் விட்டுப்போயிருக்கிறது. புது பிளேடால் மரத்தின் ரேகையோடு ஒட்டி ஒரே ஒரு கீறல் போடுங்கள், குறுக்கே வெட்ட வேண்டாம். மரப்பசையில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து இளக்கி, மருந்துக்கடை சிரிஞ்சால் உள்ளே விடுங்கள். விரலால் அழுத்தி மீதியை வெளியேற்றித் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மட்டமான கட்டை, அதன்மேல் பாரம். ஒரு முழு ராத்திரி. பிளாஸ்டிக் தாளை மறந்தால் கட்டை போர்டோடு ஒட்டிக்கொள்ளும்.

சின்னப் பள்ளத்துக்கு மரப் பட்டி (ஓட்டை அடைக்கும் பசைக்கலவை) வைக்க எனக்கு விருப்பமில்லை, காய் ஓடும் பரப்பில் அது சீக்கிரம் பொடியும். அதைவிட, பள்ளத்துக்குள் மட்டும் தெளிந்த லாக்கரை (மரத்துக்குப் பூசும் பாலிஷ்) குச்சி முனையால் ஒரு சொட்டு விட்டு, காயவிட்டு, மறுபடி ஒரு சொட்டு என்று நிரப்புங்கள். சற்று மேடாகும்வரை விட்டு, நன்றாக இறுகிய பிறகு 400 நம்பர் தாளைச் சிறு கட்டையில் சுற்றி மட்டமாக்குங்கள்.

கடைசியாகத்தான் பாலிஷ்

நிறையப் பேர் இதைத்தான் முதலில் செய்யக் கேட்கிறார்கள். மரம் வெளியே தெரியும் அளவு தேய்ந்திருந்தால் ஒழிய வேண்டாம். பிளைவுட்டின் மேல் தோல் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒரு முறை ஆபத்தில்லாமல் தேய்க்கலாம், இரண்டாம் முறைக்கு அங்கே மரம் மிச்சமிருக்காது.

மாசி, பங்குனியில், ஈரமில்லாத நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்குங்கள். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் காயும்போது வெள்ளை பூத்துவிடும். 320 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி, ரேகையோடு மட்டும், பழைய பாலிஷின் பளபளப்பு போகும்வரை தேயுங்கள், பிறகு 400. கையால் நேரடியாகத் தேய்த்தால் விரல் பட்ட இடம் குழியும். தூசியை முழுக்கத் துடைத்தெடுங்கள்.

கோடுகள் அழியாமல் இருந்தால் நல்லது. அழிந்திருந்தால் பென்சிலால் அளந்து போட்டு, நீரில் கரையாத கறுப்பு மையால் எழுத வேண்டும். ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். ஸ்ட்ரைக்கர் வைக்கும் இரட்டைக் கோடு ஒவ்வொன்றும் 47 செ.மீ. நீளம். சட்டத்தின் பக்கம் உள்ள தடித்த கோடு சட்டத்திலிருந்து 10.15 செ.மீ. தள்ளி, அதன் கனம் அரை செ.மீ. முதல் 0.65 வரை. இரண்டு கோட்டுக்கும் நடுவே 3.18 செ.மீ. நடுச் சிவப்பு வட்டத்தின் குறுக்களவும் அதே 3.18, சுற்றியுள்ள பெரிய வட்டம் 17. மூலை அம்புக் கோடு 45 பாகையில், குழி விளிம்பிலிருந்து 5 செ.மீ. விட்டு முடிய வேண்டும். மை ஒரு நாள் காயட்டும். அதே மையை ஒரு துண்டுப் பலகையில் தீற்றி, மேலே லாக்கர் போட்டுக் கலைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டும்.

மரத்தின் நுண்துளையை அடைக்கும் சீலர் ஒரு கோட், காய்ந்ததும் 400-ல் லேசாக ஒரு தேய்ப்பு, பிறகு தெளிந்த லாக்கர் மூன்று மெல்லிய கோட். முதல் பூச்சை மிக மெல்லியதாகப் போடுங்கள், கனமாகப் போட்டால் கோடுகளின் மை இழுத்துக்கொண்டு வரும். ஸ்பிரே கேன் இருந்தால் சுலபம். இல்லையென்றால் பஞ்சைப் பருத்தித் துணியில் கட்டி, தோய்த்து, ஒரே திசையில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் ஆவி சட்டென்று பற்றும். குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே ஆட உட்கார்ந்துவிடக் கூடாது. உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும், அதற்குள் பவுடர் போட்டால் இளகிய பாலிஷில் பதிந்துகொள்ளும். வாரம் கழிந்ததும் உலர்ந்த வேட்டித் துணியால் பலகையை அழுத்தித் துடைத்து, இரண்டு சிட்டிகை பவுடர் தூவி, நான்கு பக்கத்திலிருந்தும் ஸ்ட்ரைக்கரை அடித்து மூன்றரை நடை போகிறதா என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் ஸ்டூலின் மட்டத்தைப் பாருங்கள், மறுபடி உப்புத்தாளை எடுக்க வேண்டாம்.